தளை போடாத காடு – ரீச்சர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காட்டைப் பற்றியவை. கதிர்காமக் கொடியிறக்கம் முடிந்த கையோடு எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. இரண்டு உறைகளில் செம்புழுதிகூட ஒட்டியிருந்தது. தேனீ வளர்ப்பும் பாம்புக்கடியும் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீச்சர், நான் புவியியல் படிக்கிறேன். பாதுகாக்கப்பட்ட ஒரு காடு வருடங்கள் போனபிறகும் காடாகவே இருக்கிறதா என்று பார்ப்பதை ஆய்வுத் தலைப்பாக எடுக்க ஆசை. யானையையும் பறவையையும் எண்ணினால் போதும் என்கிறார்கள் கூட்டாளிகள். போதுமா?
– ஒரு மாணவி, வந்தாறுமூலை

போதாது மகள். தெஹிவளை மிருகக்காட்சிசாலையிலும் எண்ணுவதற்கு நிறைய இருக்கிறது. அதை யாராவது காடு என்கிறோமா?

2011 ஓகஸ்டில் நாடு முழுக்கக் குளங்களிலும் நீர்க்குழிகளிலும் காத்திருந்து யானைகளை எண்ணினார்கள். 5,879 என்று கணக்கு வந்தது. நல்ல வேலைதான். ஆனால் லகுகலக் குளத்தில் ஒரு மாலையில் வழமையை விட இருபது யானை கூடுதலாக நின்றால் என்ன அர்த்தம்? காடு செழித்திருக்கலாம். அல்லது சுற்றிவர வேலியும் சேனைப் பயிர்ச்செய்கையும் வந்து, போக வேறு வழியில்லாமல் எல்லாம் இங்கே வந்து நிற்கலாம். கணக்கு ஒன்று, கதை இரண்டு. அதனால்தான் மிருகத்தை எண்ணுவதோடு மனிதனின் கையையும் எண்ண வேண்டும் என்கிறேன்.

இதை ஒரு முறையாகச் செய்பவர்கள் அமெரிக்கர்கள். 1964 செப்டெம்பர் 3ஆம் திகதி ஜனாதிபதி லின்டன் ஜோன்சன் அங்கே வனாந்தரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதை எழுதியவர் ஹவர்ட் சானைசர். எட்டு வருடமாகத் திருத்தித் திருத்தி எழுதிய மனிதர், கையெழுத்தாவதற்கு நாலு மாதம் முன்பு இறந்துபோனார். காட்டைச் சொல்ல அவர் தேடிப் பிடித்த ‘untrammeled’ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள், தளை பூட்டப்படாதது. குதிரையின் காலில் போடும் கட்டுக்கும், மீனை மாட்டவைக்கும் ஒருவகை வலைக்கும் ஆங்கிலத்தில் ‘trammel’ என்ற ஒரே சொல்தான். நமக்கு விளங்காததா? மேயவிட்ட மாடு வயலுக்குள் போய்விடாமல் முன்னங்காலில் கயிறு போடுகிறோமே, அந்தத் தளை. மாடு உயிரோடுதான் இருக்கும், புல்லும் தின்னும், கொழுக்கவும் செய்யும். ஆனால் தன் இஷ்டத்துக்கு நடக்காது. (யாப்பிலும் தளை உண்டு. தமிழ் ரீச்சர்மார் சண்டைக்கு வரவேண்டாம், அது வேறு வகுப்பு.)

ஆகவே அவர்கள் கேட்பது ஐந்து கேள்வி. முதலாவது, இந்த வருடம் காட்டுக்கு எத்தனை தளை போட்டோம் என்பது. தீயை அணைத்தோமா, மருந்து அடித்தோமா, வேறு இடத்தில் பிடித்த யானையைக் கொண்டுவந்து விட்டோமா. நல்ல நோக்கத்தோடு செய்தாலும் எழுத வேண்டும். இரண்டாவது, அந்த இடத்துக்குரிய செடியும் பிராணியும் தண்ணீரும் அப்படியே இருக்கின்றனவா. நீ சொல்கிற எண்ணிக்கை இதற்குள்தான் வரும், ஐந்தில் ஒன்றாக. மூன்றாவது, கட்டடம், றோட்டு, கோபுரம், இயந்திரம். அமெரிக்காவில் இந்தக் காடுகளுக்குள் விழுந்த மரத்தை வெட்டப் போகிற அரச ஊழியரே இயந்திர வாளைக் கொண்டுபோவதில்லை. இரண்டு பேர் இழுக்கும் மரவாளைக் கோவேறு கழுதையில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தவிர்க்க முடியாமல் இயந்திரத்துக்கு அனுமதி கொடுத்தால், அதுவும் கணக்கில் ஏறும். நாலாவது, உள்ளே போகிறவனுக்குத் தனிமை கிடைக்கிறதா: எத்தனை பேரைச் சந்திக்கிறான், என்ன சத்தம் கேட்கிறது, இரவில் வானம் இருட்டாக இருக்கிறதா. ஐந்தாவது, அந்த இடத்துக்கென்றே உள்ள வேறு சிறப்பு. நம் பக்கத்தில் அதற்குக் குடும்பிகலைக் குகைகளைச் சொல்லலாம்.

ஒவ்வொன்றுக்கும் சில அடையாளங்களை வைத்துக்கொண்டு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கூடியதா, குறைந்ததா, அப்படியே இருக்கிறதா என்று எழுதுகிறார்கள். ஒரு காட்டை அதனோடு மட்டுமே ஒப்பிடுவார்கள், பக்கத்துக் காட்டோடு இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்த விதி. வகுப்பில் பிள்ளைகளுக்கும் இதைத்தான் செய்ய நினைத்தேன், பெற்றோர் விடவில்லை.

உன் பெரிய தலையிடி தொடக்கக் கணக்குத்தான். லகுகல கித்துலான 1980 ஒக்டோபர் 31இல் தேசியப் பூங்காவானது. அன்றைக்கு எத்தனை கட்டடம், எத்தனை வண்டிப்பாதை? பல வருடத்துக்கு முன் பழைய பதிவேடு கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மூன்று தரம் போனபிறகு ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே கறையான் புற்று, அழகான புற்று. பரவாயில்லை, இல்லாத கணக்கை இட்டுக்கட்டாதே. நீ தொடங்கும் நாளையே முதல் நாளாக வைத்துக்கொள்.

லகுகல, கித்துலான, செங்கமுவ மூன்றும் ராஜாக்கள் கட்டிய குளங்கள். இங்கினியாகலைச் சேனநாயக்க சமுத்திரமோ என் அப்பா காலத்தில் கட்டியது. மனிதன் தோண்டிய குளத்தைச் சுற்றி நிற்கிற காட்டைத் தளையில்லாத காடு என்பது கொஞ்சம் கூடுதலாகத் தெரியவில்லையா?
– ஓய்வுபெற்ற நீர்ப்பாசன உத்தியோகத்தர், அம்பாறை

ஐயா, உங்களிடம் பொய் சொல்லித் தப்ப முடியாது. கூடுதல்தான். நம் வரண்ட வலயத்தில் கை படாத காடு என்று தேடினால் உடைந்த அணைக்கட்டும் செங்கல்லும்தான் காலில் இடறும். லகுகலக்கு யானையை இழுப்பதே குளம்தான். ஓகஸ்டில் தண்ணீர் வற்ற வற்ற, சிங்களத்தில் ‘பெரு’ என்கிற புல் ஆளுயரத்துக்கு எழும்பும். அதைத் தின்ன நூற்றுக்கு மேல் யானை சேர்ந்த காலம் உண்டு. குளம் இல்லாவிட்டால் புல்லும் இல்லை, யானையும் இல்லை. 1954இல் கல்லோயாப் பூங்காவைப் பிரகடனம் செய்ததே அந்தச் சமுத்திரத்தின் நீரேந்து பகுதியைக் காக்கத்தான். இன்றைக்கு அதில் யானை தீவுக்குத் தீவு நீந்துவதைப் பார்க்க உலகம் வருகிறது.

ஆனால் நான் கேட்பது, ஆயிரம் வருடத்துக்கு முன் யார் மண் வெட்டினார் என்பதில்லை. இந்த வருடம் யார் வெட்டுகிறார்? தளை போட்ட மாட்டை அவிழ்த்துவிட்டால் காலில் தழும்பு இருக்கும். தழும்பு இருப்பதால் அது இன்னும் கட்டிலேயே இருக்கிறது என்று ஆகாதே. பழைய அணைக்கட்டைத் தழும்பு என்று ஒரு பக்கம் எழுதி வைப்போம். அதே அணைக்கட்டுக்கு மேல் புதிதாகக் கொங்கிறீற்று மதகு வந்தால், அது இன்றைய தளை. வேறு பக்கத்தில் எழுதுவோம்.

தண்ணீர் எப்போது திறக்கிறார்கள் என்ற கொப்பி உங்களிடம் இருந்திருக்குமே? இருந்தால் எறிந்துவிடாதீர்கள். எனக்கு ஒரு பிரதி வேண்டும்.

1978 சூறாவளியில் பாதிக் காடு சரிந்தது. 2004இல் கடல் ஏறிக் குமனைப் பக்கம் கண்டல் அழிந்தது. அப்போது காட்டுத்தன்மை குறைந்ததாக எழுத வேண்டுமா?
– பெயர் வேண்டாம், கல்லடி

வேண்டாம். காற்றும் கடலும் தளை போடுவதில்லை. எழுபத்தெட்டு நவம்பரில் எங்கள் வீட்டு ஓடு போன இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விடிய எழும்பிப் பார்த்தால் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்துக் கிடந்தன. ஊருக்கு அது அழிவு. காட்டுக்கு அது ஒரு வரலாறு. விழுந்த மரத்தை ஏற்ற உழவு இயந்திரம் உள்ளே போனால், அங்கேதான் எழுதத் தொடங்க வேண்டும்.

வருடா வருடம் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையில் நடக்கிறேன். இத்தனை ஆயிரம் பேர் நடப்பது காட்டைக் கெடுக்கிறது, பாதையை மூடு என்று சிலர் எழுதுகிறார்கள். நாங்கள் காட்டுக்குப் பகையா ரீச்சர்?
– ம.சி., களுவாஞ்சிகுடி

நானும் நடந்தவள், அதனால் நடுநிலை என்று நடிக்கப்போவதில்லை. பாதையை மூடக்கூடாது. குமனை 1970இல் தேசியப் பூங்காவாவதற்கு எவ்வளவோ முன்பு அந்தப் பாதையில் வேல் போயிருக்கிறது. வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் தமிழில் பெயர் இருக்கிறதே, அந்தப் பெயர்களே காட்டின் சொத்து. நான் சொன்ன ஐந்தாவது கணக்கில் யாத்திரையை வைப்பேன்.

ஆனால் ம.சி., நடப்பது வேறு, நடப்பதற்காகக் கொண்டுபோவது வேறு. மருத மர நிழலில் ஆயிரம் பேர் படுத்தெழும்பிய மணலை மாரி வெள்ளம் ஒரே இரவில் அழித்துவிடும். தண்ணீர்த் தாங்கி வைக்கப் பவுசர் போன தடம் அப்படி அழியாது. என் முதல் யாத்திரையில் குமுக்கன் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கலங்கல் அடங்கும்வரை காத்திருந்து, சேலைத் தலைப்பால் வடித்துக் குடித்தோம். கடைசித் தரம் போனபோது தாங்கியில் குழாய், வரிசை, வரிசையில் சண்டை. ஒலிபெருக்கியில் யாரோ தொலைந்த செருப்பை அறிவித்துக்கொண்டிருந்தார். வயதானவர்களும் குழந்தைகளும் வருகிறார்கள், தண்ணீர் வைக்காதே என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடம் நா வறண்டு மயங்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்தத் தாங்கிதான் என்னை எழுப்பியது. வைத்ததை எண்ணுங்கள் என்கிறேன். இந்த வருடம் எத்தனை தாங்கி, திருவிழா முடிந்து எத்தனை திரும்ப வந்தது, எத்தனை வாகனம் எந்தத் திகதிவரை உள்ளே நின்றது. ஆளை எண்ணுவதற்கு வாசலில் உத்தியோகத்தர் நிற்கிறார். பொருளை எண்ண உங்கள் குழுவில் ஒருவர் போதும்.

இன்னொன்று. உகந்தை மலையில் இரவு ஏறி வடக்கே பாருங்கள். முன்பு கடலும் இருட்டும்தான். இப்போது அறுகம்பைப் பக்கம் அடிவானம் மங்கலாக வெளுத்திருக்கும். அது யாத்திரிகர் செய்ததில்லை. பாதையை மூடச் சொல்கிறவர்கள் அந்த வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம்.

குளத்தை மூடிய சல்வீனியாவை இயந்திரம் இறக்கி வாரலாமா? பூங்காவுக்குள் என்றால் கைவைக்கக்கூடாது என்கிறீர்களே!
– ஒரு வாசகர், சம்மாந்துறை

தம்பி, அமெரிக்கர்களும் இந்த இடத்தில்தான் தலையைச் சொறிகிறார்கள். சல்வீனியா பிரேசில் பக்கத்துச் செடி. 1939இல் ஆராய்ச்சிக்கென்று கொழும்புக்கு வந்து, தொட்டியை விட்டுத் தப்பியது. அதை வாரினால் இரண்டாவது கணக்கு நல்லதாகும்: சொந்தச் செடிக்கு வெயில் கிடைக்கும், மீனுக்குக் காற்றுக் கிடைக்கும். ஆனால் வாரியதே ஒரு கைவைப்பு, முதல் கணக்கு அங்கே இறங்கும். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரே மார்க் போடக்கூடாது. கூட்டினால் இரண்டும் மறைந்துவிடும்.

என் சொந்தத் தீர்ப்பு: வாருங்கள். ஆள் இறங்கிக் கையால் வார முடிந்தால் அது மேல். வாரிய திகதியையும் எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள். ஒருமுறை வாரி ஓய்ந்தால் அது வைத்தியம். வருடா வருடம் இயந்திரம் இறங்கினால் அது பராமரிப்பு, பூங்கா பூந்தோட்டமாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த வித்தியாசம் பத்து வருடக் கொப்பியில்தான் தெரியும்.

யானை வந்து மூன்று போகம் வயல் போச்சு. அலியன் யானை ஒன்று காவல் வாடியையும் தள்ளிவிட்டது. காடு காடாக இருக்கிறதா என்று நீங்கள் கொப்பி எழுதிக்கொண்டிருங்கள்.
– ஒரு விவசாயி, வெல்லாவெளி

அண்ணன், உங்கள் கோபம் நியாயம். படுவான்கரையில் இரவு காவல் இருக்கிறவருக்கு, பகலில் குளக்கட்டில் குடை பிடித்துக்கொண்டு உட்காருகிறவளைப் பார்த்தால் எரியத்தான் செய்யும்.

மின்வேலி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வேலியும் என் கொப்பியில் வரும், அவ்வளவுதான். எங்கே போட்டது, எந்த வருடம், எத்தனை மாதம் மின்சாரம் ஓடாமல் கிடந்தது. வேலியைக் காட்டுக்கு நடுவே போட்டு இரண்டு பக்கமும் யானையை நிறுத்திய இடங்கள் இருக்கின்றன. அங்கே காட்டுக்கும் தளை, வயலுக்கும் பயனில்லை. ஊர் ஓரத்தில் போட்ட வேலி உங்களையும் காக்கும், காட்டையும் விட்டுவைக்கும். அலியன் எந்தத் திகதியில், எந்த வட்டைப் பக்கமிருந்து வந்தது என்று நீங்களும் ஒரு கலண்டரில் குறித்து வைத்தால், வேலி எங்கே வரவேண்டும் என்று கூட்டத்தில் பேச ஒரு கடதாசியாவது கையில் இருக்கும். நட்டஈட்டுக்கும் உதவும். வாடியைத் திருத்திவிட்டீர்களா?

இதற்கெல்லாம் போனில் ஆப் இல்லையா ரீச்சர்?
– அக்கரைப்பற்று

இருக்கும். நாவலடியில் சார்ஜ் இருக்காது.

நான் பத்தாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் சுற்றாடல் கழகம் ஏதாவது ஒன்றைத் தொடர்ந்து பதிய ஆசைப்படுகிறது. எங்களிடம் கருவி ஒன்றும் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு மாணவன், திருக்கோவில்

மகன், ஒரு மணிக்கூடும் ஒரு கொப்பியும் இருக்கிறதா? போதும்.

நான் முதல் இரண்டு வருடத்தை வீணாக்கினேன், அதைக் கேள். 2003இல் குமனை பதினெட்டு வருட மூடலுக்குப் பிறகு திறந்த கையோடு எனக்கும் ஆசை வந்தது. தூரம் காரணமாக லகுகலக் குளம் தெரிகிற ஓரிடத்தைத் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் காலையில் போனேன், அடுத்த வருடம் பஸ் தவறி மாலையில் போனேன். காலைக் குளமும் மாலைக் குளமும் இரண்டு ஊர். ஒன்றையும் ஒப்பிட முடியவில்லை. மறுகா, மூன்றாம் வருடத்திலிருந்துதான் ஓகஸ்ட் முதல் சனிக்கிழமை, பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு என்று கட்டிக்கொண்டேன். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் மனிதன் உண்டாக்கிய ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கோடு: பஸ், மோட்டார் சைக்கிள், வெடி, பாட்டு. தொடக்கத்தில் ஒரு வரிக்குள் அடங்கிய கோடு இப்போது பக்கத்தைத் திருப்ப வைக்கிறது. கூடவே, அப்படி எந்தச் சத்தமும் இல்லாமல் தொடர்ந்து கிடைத்த நீண்ட நேரம் எத்தனை நிமிடம் என்றும் எழுதுகிறேன். எனக்கு அந்த இரண்டாவது எண்தான் உயிர்.

உங்களுக்குத் திருக்கோவிலில் கடலும் களப்பும் பக்கம். ஒரே இடம், ஒரே நேரம், நாலே விஷயம் எடுங்கள். சத்தம். கண்ணுக்குத் தெரியும் கட்டடமும் கம்பமும், எண்ணி. இருட்டியபின் தெரியும் மின்வெளிச்சம். கடைசியாக இயற்கையிலிருந்து ஒன்று: தண்ணீர் எந்தக் கல்வரை நிற்கிறது என்பதோ, சங்குவளை நாரையோ கூழைக்கடாவோ வருடத்தில் முதலில் கண்ட திகதியோ. யாரும் போகமுடியாமல்போன வருடத்துக்கு ‘போகவில்லை’ என்று எழுது, பக்கத்தை வெறுமையாக விடாதே. கழகத்தில் நீ பதின்மூன்றாம் ஆண்டு முடித்துப் போய்விடுவாய். கொப்பி யாரிடம் போகிறது என்பதைக் கடைசிப் பக்கத்தில் எழுதி அதிபரிடம் ஒப்பம் வாங்கு.

முதல் பக்கத்தில், உட்காரும் இடத்தைப் படமாக வரைந்து வை. மரத்தை அடையாளமாகப் பிடிக்காதே. நான் ஒரு பாலை மரத்தைப் பிடித்தேன், 2011 ஜனவரி வெள்ளத்தோடு அது போய்விட்டது. அந்த ஓகஸ்டில் அரைமணித்தியாலம் இடத்தைத் தேடி அலைந்தேன். கோடு போட உட்கார்ந்தபோது மணி ஐந்து. கொப்பியில் இன்றைக்கும் அந்த வருடத்துக்குப் பக்கத்தில் ‘அரைமணித்தியாலம் குறைவு, மரம் இல்லை’ என்று சிவப்பில் கிடக்கிறது. பாறை ஒன்றைப் பிடி.